மாமியார் வீட்டு மாமரமும் நாலு நாள் கணக்கும்: தென்னாப்பிரிக்காவில் மோட்டார்ஹோமிலேயே குடியிருந்து சொந்தங்களைப் பார்த்துவர ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் நாளே மாமியார் வீட்டு மாமரம் எங்கள் மோட்டார்ஹோமின் கூரையைப் பிய்த்துவிட்டது. டர்பனில் நம் ஆட்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வீடுகள் எல்லாம் மேட்டிலோ பள்ளத்திலோதான் இருக்கும், சமதளத்தில் ஒரு வாசலைக் காண்பது அபூர்வம். ஏற்றத்தில் பின்பக்கமாக ஏறிவிடலாம் என்று நான் ரிவர்ஸ் எடுக்க, தாழ்ந்து கிடந்த கிளை கூரைமேல் இருந்த காற்றுப்போக்கியின் பிளாஸ்டிக் மூடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. மாமியார் ஓடிவந்தார். அவர் பார்த்தது மூடியை இல்லை, கீழே விழுந்து கிடந்த பிஞ்சுகளை.

நான் திருநெல்வேலிக்காரன். தொண்ணூறுகளில் டர்பனுக்கு வேலைக்கு வந்து, சாட்ஸ்வொர்த் பெண்ணைக் கட்டி, இங்கேயே ஊன்றிவிட்டேன். மூத்த மகள் ஜோகனஸ்பர்க்கில், இளையவள் கேப் டவுனில், மாமனார் மாமியார் சாட்ஸ்வொர்த்தில். ஓய்வு பெற்றதும் 2021 கடைசியில் வீட்டை விற்று ஒரு பழைய பேனல் வேன் மோட்டார்ஹோமை, அதாவது சரக்கு வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கழிப்பறை வைத்துக் கட்டிய வண்டியை, வாங்கி, அதிலேயே குடியேறினோம். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எங்களுக்குக் கடன் என்று நினைத்தார்கள். மீதிப் பாதி பேர் இன்னமும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாழ்க்கையில் வண்டி பாதிக் கஷ்டம்தான், மீதிப் பாதி சொந்தக்காரர் வாசல். நான் பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு இது: அவர்கள் வீட்டு மின்சாரம், தண்ணீர், கழிப்பறை எதையும் தொடாமல் நாலு நாள் தாங்குகிற வண்டி இருந்தால்தான், அவர்கள் வாசலில் நாலு வாரம் மரியாதையோடு இருக்க முடியும். கீழே நான் சொல்கிற எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

முதல் படி: வண்டியைப் பார்க்கும் முன் வாசல்களை அளந்துவிடுங்கள்

டேப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் அடிக்கடி போகப்போகிற ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள். கேட்டின் அகலம், உள்ளே இருக்கும் நீளம், மேலே ஓடும் மின்கம்பி, கார் நிறுத்தும் கொட்டகையின் உயரம், கிளைகள் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். எங்கள் வண்டி 6 மீட்டர் நீளம், 2.8 மீட்டர் உயரம். 7 மீட்டர் வண்டி ஒன்றைப் பார்த்து மனைவி ஆசைப்பட்டாள், உள்ளே தனிக் குளியலறை, அகலக் கட்டில் எல்லாம் இருந்தது, ஆனால் அது எங்கள் சொந்தத்தில் ஒரு வாசலுக்குள்ளும் நுழையாது. வீதியில்தான் நிற்க வேண்டும். வீதியில் நிற்கிற மோட்டார்ஹோமில் ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியாது, இது தென்னாப்பிரிக்கா.

வாசல் ஏற்றமும் முக்கியம். பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் வால்பகுதி, ஏற்றம் தொடங்கும் இடத்தில் தரையில் உரசும். பலகைத் துண்டுகள் நாலைந்து எப்போதும் வண்டியில் கிடக்கட்டும், சக்கரத்துக்குக் கீழே வைத்து ஏற்றவும் உதவும், நிறுத்திய பின் வண்டியை மட்டமாக்கவும் உதவும். வண்டி சாய்ந்து நின்றால் தூக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் உருளுவது மட்டுமல்ல, கேஸில் ஓடுகிற ஃபிரிட்ஜாக இருந்தால் அது சரியாகக் குளிராது.

ஒரே கேட்டுக்குள் பல வீடுகள் இருக்கும் காம்ப்ளெக்ஸில் குடியிருக்கும் பிள்ளைகளின் கதை வேறு. ஜோகனஸ்பர்க்கில் மகள் இருக்கும் இடத்தில் கேரவன், மோட்டார்ஹோம், படகு எதையும் உள்ளே நிறுத்தக் கூடாது என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதை நாங்கள் கேட்டில் போய் நின்ற பிறகுதான் தெரிந்துகொண்டோம். முன்கூட்டியே விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிடுங்கள். அனுமதி இல்லையென்றால் பக்கத்தில், இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கென்றே இருக்கும் கேரவன் பார்க்கில் வண்டியைப் போட்டுவிட்டு, பகலில் பேரப்பிள்ளைகளை அங்கே வரவழைத்துக்கொள்வது உத்தமம். பிள்ளைகளுக்கும் அதுதான் கொண்டாட்டம்.

அளவு முடிவானதும் எடையைப் பாருங்கள். சாதாரண கோட் பி உரிமத்தில், பழைய ஆட்கள் கோட் எட்டு என்பார்களே அதில், மொத்த எடை 3,500 கிலோ வரை உள்ள வண்டியைத்தான் ஓட்டலாம். அதற்கு மேலே என்றால் சி1, அதாவது பழைய கோட் பத்து வேண்டும். மொத்த எடை என்பது தண்ணீர், கேஸ், ஆட்கள், அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடை. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. வாங்குவதற்கு முன் முழுச் சுமையோடு ஒரு எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இரண்டாம் படி: முகவரி

வீட்டை விற்ற மறுமாதமே வங்கியிலிருந்து ஃபிக்கா என்று, அதாவது வாடிக்கையாளர் யார், எங்கே இருக்கிறார் என்று வங்கி சரிபார்க்கச் சொல்லும் சட்டத்தின் பேரில், கடிதம் வரும். குடியிருப்புச் சான்று கொடு என்பார்கள், வண்டி எண்ணை எழுதிக் கொடுக்க முடியாது. நம்பிக்கையான ஒரு சொந்தக்காரரின் முகவரியை நிரந்தர முகவரியாக்கி, அவர் கையெழுத்திட்ட உறுதிமொழி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மாமனார் வீடு. வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் லைசென்ஸ் டிஸ்க் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், ஓட்டுநர் அட்டை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. இந்த இரண்டு தேதிகளையும் கேலண்டரில் சிவப்பில் எழுதுங்கள், ஏனென்றால் நினைவூட்டல் வரும் தபால்பெட்டி இனி உங்கள் வாசலில் இல்லை. இன்சூரன்ஸ்காரரிடம் வண்டியில்தான் முழுநேரமும் குடியிருக்கிறோம் என்பதை மறைக்காமல் எழுத்தில் சொல்லுங்கள். விடுமுறை வண்டி என்று சொல்லிவிட்டு அதில் குடியிருந்தால் திருட்டு நடந்த அன்று தகராறு வரும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தங்களைப் பார்க்க வருகிறவர்கள் வண்டியை வாடகைக்கு எடுக்கலாம், ஜோகனஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் கிடைக்கும். ஆங்கிலத்தில் இருக்கும் உரிமம் போதும், இந்தியாவின் அட்டை உரிமமும் அதில் சேரும். இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது, அந்தக் கவலை வேண்டாம். சிக்னலை ரோபோ என்பார்கள், வழி கேட்டால் மூணாவது ரோபோவில் திரும்பு என்று சொல்லும்போது முழிக்காதீர்கள்.

மூன்றாம் படி: மின்சாரம்

இதில்தான் சொந்தம் கெடும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் வீடுகளில் பலவற்றில் ப்ரீபெய்ட் மீட்டர்தான். காசு கொடுத்து டோக்கன் வாங்கி, இருபது இலக்க எண்ணை மீட்டரில் அடித்தால்தான் கரண்ட். நீங்கள் ஒயரைச் சொருகி ஹீட்டர், கெட்டில், ஏசி என்று ஓட்டினால் அந்த எண்ணிக்கை கண்முன்னே இறங்கும். மாமியார் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஆனால் நாலாம் நாள் டோக்கன் தீர்ந்து, சமையல் பாதியில் அடுப்பு அணைந்தபோது, மச்சினன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு "இந்த மாசம் சீக்கிரம் போயிருச்சு" என்றான் பாருங்கள், அது போதும். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: ஒயரைச் சொருகுவதற்கு முன்பே மீட்டர் எண்ணைக் கேட்டு வாங்கி, போனில் டோக்கன் வாங்கி, நானே போய் அடித்துவிடுவேன். காசாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், அடித்த டோக்கனைத் திருப்பிக் கொடுக்க முடியாதல்லவா.

அதைவிட நல்லது சொருகாமலே இருப்பது. எங்கள் ஏற்பாடு இது: 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று, கூரைமேல் 400 வாட் சோலார். பேட்டரியில் நிற்பது ஏறத்தாழ 2.5 யூனிட். 12 வோல்ட் கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ் டர்பன் கோடையில் நாளுக்கு அரை யூனிட்டுக்கு மேல் தின்னும், விளக்கு, மின்விசிறி, போன் எல்லாம் சேர்த்துக் கால் யூனிட். மிக்ஸியை ஐந்து நிமிஷம் ஓட்டுவது ஒரு பொருட்டே இல்லை. கெட்டில்தான் எமன், பத்து நிமிஷத்தில் மூணில் ஒரு யூனிட்டைக் குடித்துவிடும், அதனால் டீக்குத் தண்ணீர் கேஸில்தான் கொதிக்கும். நல்ல வெயில் நாளில் சோலாரிலிருந்து ஒன்றரை யூனிட் வரும். ஆக மழை மூட்டமாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஏசியை மட்டும் பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள்.

2023-ல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்ட்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது இதன் அருமை தெரிந்தது. தெருவே இருட்டில் கிடக்கும், எங்கள் வண்டியில் மட்டும் விளக்கு. மச்சினன் பிள்ளைகள் பரீட்சைக்கு வண்டியில் உட்கார்ந்து படித்தார்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி போனைச் சார்ஜ் போடக் கொடுத்தனுப்பினார். கடன்காரர் என்று பேசிய வாய்கள் அந்த வருஷம்தான் மூடின.

சொருகித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு சங்கதி. கேரவன் பார்க்குகளில் இருப்பது நீல நிற 16 ஆம்பியர் பிளக், வீட்டில் இருப்பது மூன்று தடித்த உருண்டைக் கம்பி உள்ள 15 ஆம்பியர் பிளக், இரண்டுக்கும் நடுவே மாற்றி ஒன்று வேண்டும். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். ரீலில் சுற்றி வைத்திருப்பதை முழுவதும் அவிழ்த்துவிட்டே பயன்படுத்துங்கள், சுற்றிய ஒயரில் சுமை ஏறினால் சூடாகி உருகும். நான் அப்படி ஒரு ரீலை உருக்கியிருக்கிறேன், அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

நான்காம் படி: தண்ணீரும் மற்றதும்

100 லிட்டர் தொட்டி, இரண்டு பேர், நாளுக்கு 25 லிட்டர் என்றால் நாலு நாள். பாத்திரம் கழுவும் தண்ணீரைப் பிடித்துவைத்தால் இன்னும் ஒரு நாள் இழுக்கலாம். டர்பன் பக்கத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே நம்பி உட்காராதீர்கள், அது வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, ஊருக்கு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மனைவியின் பெரியம்மா அங்கேதான் இருந்தார். நாங்கள் வேறிடத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு வாரம் இரண்டு தடவை போய் அவர் டிரம்மில் இறக்கிவிட்டு வருவோம். அந்தப் பெரியம்மா அதுவரை வண்டியை நாய்வண்டி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உணவுக்கான வெள்ளை ஹோஸ் ஒன்று தனியாக வையுங்கள், தோட்டத்துப் பச்சை ஹோஸில் பிடித்த தண்ணீர் ரப்பர் நாற்றம் அடிக்கும். தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசனையில்லாத ப்ளீச் கலந்து கழுவுங்கள்.

கழிப்பறை. யாரும் பேசமாட்டார்கள், ஆனால் முதலில் கேட்கத் தோன்றுவது இதைத்தான். பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கேசட், கழிவு சேரும், கழற்றி எடுக்கிற 17 முதல் 20 லிட்டர் பெட்டி, இரண்டு பேருக்கு மூன்று நாலு நாளில் நிறையும். ஐரோப்பாவில் போலக் கழிவைக் கொட்டுவதற்கென்றே தனி நிலையங்கள் இங்கே அபூர்வம். கேரவன் பார்க்கின் கழிப்பறைக் கட்டிடத்தில் கொட்டலாம், அப்ளூஷன் பிளாக் என்று கேட்டால் காட்டுவார்கள். சொந்தக்காரர் வீட்டில் அவர்கள் கழிப்பறையில் கொட்ட நேர்ந்தால், வீட்டில் எல்லாரும் கோயிலுக்கோ கடைக்கோ போயிருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், பிறகு நீங்களே கழுவிவிடுங்கள். செப்டிக் டேங்க் உள்ள வீடென்றால் ஃபார்மலின் கலந்த நீல மருந்து வேண்டாம், அது டேங்கில் மக்கவைக்கும் கிருமிகளைக் கொன்றுவிடும். மக்கக்கூடிய மருந்து தனியாக விற்கிறார்கள். பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவரோரமாக வண்டியின் கேசட் கதவு வராதபடி நிறுத்துவதும் ஒரு நாகரிகம். இதை எனக்கு மாமனார் சொல்லாமல் சொன்னார்: வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பினா நல்லது மாப்பிள்ளை" என்றார்.

ஐந்தாம் படி: அடுப்பும் விளக்கும்

9 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று இரண்டு பேருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதை வைக்கும் அறையின் தரையில் காற்றுத் துளை இருக்க வேண்டும், ஏனென்றால் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். பதிவுபெற்ற கேஸ் ஃபிட்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், வண்டியை விற்கும்போதும் அது உதவும்.

மீன் குழம்பை வண்டிக்குள் தாளிக்காதீர்கள். அவ்வளவுதான். மெத்தையில் ஏறிய வாடை மூன்று வாரம் போகாது. வெளியே ஒரு மடிப்பு மேசை, ஒற்றை பர்னர், அதில் தாளிப்பு, பொரியல், டர்பன் மசாலா எல்லாம். உள்ளே சோறு, பருப்பு, டீ.

வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றாமல் மனைவிக்குப் பொழுது போகாது. ஆறடிக்கு ஆறடி இடத்தில் கேஸ், திரைச்சீலை, எண்ணெய் விளக்கு மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு இப்படி வைத்திருக்கிறோம்: வண்டியின் படிக்கட்டில், வெளியே, ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் சின்னப் பித்தளை விளக்கு. கற்பூரமும் அங்கேதான். கேஸ் வால்வை மூடிய பிறகுதான் தீப்பெட்டி. கேரவன் பார்க்கில் பக்கத்து ஆஃப்ரிகானர் தாத்தா, டச்சு வம்சத்து வெள்ளைக்காரர் ஒருவர், மூன்று வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு நாலாவது வாரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றார். கேஸ் கசிவு அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டும் கட்டாயம். சாம்பிராணி போட்டால் அலாரம் கத்தலாம், கத்தினால் அலட்சியமாக விடாதீர்கள்.

ஆறாம் படி: பாதை

டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க் என்3 நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 570 கிலோமீட்டர். காரில் ஆறு மணி நேரம், எங்களுக்கு இரண்டு நாள். நெடுஞ்சாலையில் 120 வரை போகலாம் என்று பலகை சொல்லும், மோட்டார்ஹோமில் 90-க்கு மேல் போனால் டீசலும் போகும் நிம்மதியும் போகும். மேரியன்ஹில், மூயி ரிவர், டுகேலா, வில்கி, டி ஹூக் என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும், செலவைக் கணக்கில் வையுங்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் லாரிகள் முன்னும் பின்னும் நெரிக்கும், விடிகாலையில் கடந்துவிடுவது நல்லது. திரும்பி வரும்போது ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் இறங்கும் டவுன் ஹில் இறக்கத்தில் பிரேக்கையே நம்பாதீர்கள், மேலேயே கியரைக் குறைத்து எஞ்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். அங்கே பிரேக் பிடிக்காமல் போன லாரிகளின் கதை ஊருக்கே தெரியும்.

வான் ரீனன் கணவாயில் காற்று வண்டியைத் தள்ளும், லாரி கடக்கும்போது ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். பனியும் கொட்டும். 2024 செப்டம்பர் 20, 21 வாக்கில் அங்கே கொட்டிய பனியில் என்3 மூடப்பட்டு நூற்றுக்கணக்கான வண்டிகள் ராத்திரி முழுக்கச் சாலையிலேயே நின்றன. நாங்கள் அன்று எஸ்ட்கோர்ட் பக்கம் வாகன்ட்ரிஃப்ட் அணைக்கரையில் இருந்தோம், மகள் போன் செய்து கிளம்பாதே என்றாள், கிளம்பவில்லை. வானிலை பார்க்காமல் கணவாய் ஏறாதீர்கள். அவசரம் என்பது வீட்டை இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு இருக்கக் கூடாத பழக்கம்.

டீசல் போடும்போது இறங்கி நின்று "டீசல், 50" என்று சொல்லுங்கள். இங்கே பங்க்கில் ஆள்தான் போடுவார், நாமே போட்டுக்கொள்ள முடியாது. புது எஞ்ஜின்களுக்குக் கந்தகம் குறைந்த 50 பிபிஎம் டீசல் வேண்டும், 500-ம் விற்கிறார்கள். பெட்ரோல் விலை அரசு வைப்பது, மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும், டீசலின் சில்லறை விலை பங்க்குக்குப் பங்க் வேறுபடும், ஆகவே பலகையைப் பார்த்து நிறுத்துங்கள். போட்டவருக்குச் சில்லறை கொடுங்கள்.

பாதி வழியில் எங்கள் இரவு ஹாரிஸ்மித்தில். ஒருமுறை மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனோம், எண்பது தாண்டியவர், அறுபதுகளில் டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க்குக்குத் துணிக்கடைச் சரக்கு ஓட்டியவர். ஹாரிஸ்மித் ஃப்ரீ ஸ்டேட்டில் இருக்கிறது. 1891-ல் அங்கே போட்ட சட்டம் இந்தியர் அந்த மாகாணத்தில் குடியிருக்கக் கூடாது என்றது, எண்பதுகளின் நடுப்பகுதி வரை அது நின்றது. கடந்து போகலாம், தங்கக் கூடாது. அந்நாளில் கேரவன் பார்க்குகளிலும் பெரும்பாலானவை வெள்ளையருக்கு மட்டும்தான், பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து 1953-ல் வந்த தனி வசதிச் சட்டம் 1990-ல்தான் போனது. மாமனார் அந்தக் காலத்தில் ஆயா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தோடு ஒரே மூச்சில் ஓட்டுவாராம், கண்ணைச் சொக்கினால் ஜன்னலைத் திறந்து முகத்தைக் குளிர்காற்றில் நீட்டிக்கொள்வாராம். அன்று ராத்திரி கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் இருக்கையை மடித்துப் படுத்தோம். எட்டு மணிக்கே படுத்தவர் காலை எட்டு வரை எழுந்திருக்கவில்லை. மனைவி பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். கண்ணைத் திறக்காமலே "இன்னும் கொஞ்சம் இருக்கேன்" என்றார்.

கேப் டவுனுக்கு ஜோகனஸ்பர்க்கிலிருந்து என்1-ல் 1,400 கிலோமீட்டர், கோல்ஸ்பர்க், போஃபர்ட் வெஸ்ட் இரண்டிலும் நிறுத்தி மூன்று நாளில் போகலாம். அந்த வழியில் வரும் கரூ என்கிற வறண்ட வெளியில் குளிர்காலத்து இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், வெளிக் குழாயில் தண்ணீர் உறையும், ராத்திரி வடித்துவிடுங்கள். டர்பனிலிருந்து நேராக என்2-ல் போனால் 1,600-க்குச் சற்று மேல், கோக்ஸ்டாட், உம்தாத்தா வழியில் ஆடுமாடுகள் சாலையில் நிற்கும், பகலில் மட்டும் ஓட்டுங்கள். போர்ட் எலிசபெத்தில், இப்போது க்கெபெர்ஹா, மலபார் என்றே ஒரு பகுதி இருக்கிறது, நம் ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டு நாள் நிற்க நல்ல இடம்.

ஏழாம் படி: ராத்திரி எங்கே

சாலையோர ஓய்விடத்தில் தூங்காதீர்கள். இதில் பேச்சே இல்லை. இரவில் காவலாள் இருக்கும் பெரிய பங்க், அல்லது வேலி போட்ட கேரவன் பார்க், அல்லது சொந்தக்காரர் கேட்டுக்குள். டர்பன் இருக்கும் க்வாசூலு நட்டால் மாகாணத்தில் எசெம்வெலோ என்கிற வனவிலங்கு அமைப்பு நடத்தும் முகாம்கள் நன்றாக இருக்கும், கோல்டன் கேட் பூங்காவில் கிளென் ரீனன் போன்றவை தேசியப் பூங்கா வாரியத்துடையவை. பூங்காக்களின் கேட் குறிப்பிட்ட நேரத்தில் மூடும், தாமதமானால் வெளியேதான். டிசம்பர் பள்ளி விடுமுறையில் கடற்கரைப் பார்க்குகளில் இடம் கிடைக்காது, மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள்.

திருடரைவிடக் குரங்கு அதிகம். டர்பன் கடற்கரை முழுக்க வெர்வெட் குரங்குகள், ஜன்னல் கொக்கியைத் திறக்கத் தெரிந்தவை. ஸ்காட்பர்க்கில் நான் துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் ஒன்று உள்ளே புகுந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் மிளகாய்ப்பொடி டப்பாவையும் திறந்துவிட்டுப் போயிருந்தது. அது தும்மிக்கொண்டே ஓடியதில் எனக்கு ஒரு திருப்தி. கொசுவலைக் கதவு மட்டும் போதாது, கண்ணாடியையும் மூடுங்கள். கடலோரத்தில் மாதம் ஒருமுறை வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், மெத்தைக்கு அடியில் பூசணம் பூக்கும், தூக்கிவைத்துக் காயவிடுங்கள்.

எட்டாம் படி: வாசலில் இருக்கும் முறை

"எங்க வீட்ல கட்டில் இல்லையா மாப்பிள்ளை?" இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். எனக்கு முதுகுவலி, இந்த மெத்தையில்தான் தூக்கம் வருகிறது என்று சொல்லுங்கள். சுதந்திரம், தனிமை என்று விளக்கப் போனால் அவர்கள் வீட்டைக் குறை சொன்னதாகத்தான் காதில் விழும். பதிலுக்கு ஒன்று செய்யுங்கள்: காலை டீ அவர்கள் வீட்டில், ராத்திரிச் சாப்பாடும் அவர்களோடு. நடுவில் நம் அடுப்பு.

மாதத்தைப் பார்த்துப் போங்கள். புரட்டாசியில் பல வீடுகளில் கறி மீன் கிடையாது. வாசலில் நின்றுகொண்டு நீங்கள் பிராய் போட்டால், அதாவது தணலில் கறி சுட்டால், அந்தத் தெருவுக்கே சேதி போய்விடும். வண்டி ஃபிரிட்ஜில் இருக்கும் வொர்ஸ் என்கிற கறி சாசேஜையும் அதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள், மாமியார் ஃபிரிட்ஜைத் திறக்கமாட்டார் என்று நினைப்பது தப்பு. ஆடியில் கூழ் ஊற்றும் வீட்டில் முற்றம் முழுக்க அவர்களுக்கு வேண்டும், அடுப்பு, அண்டா, வரும் கூட்டம், ஆகவே இரண்டு நாள் முன்பே வண்டியை வேறிடத்துக்கு மாற்றுங்கள். ஈஸ்டரில் மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிபிங்கோ மாரியம்மன் கோயில் பக்கம் மோட்டார்ஹோமோடு போகவே வேண்டாம், சின்ன காருக்கே இடம் இருக்காது.

சாவு வீட்டுக்குப் போகும்போது மட்டும் இந்த வண்டியின் மதிப்பே வேறு. பெரியம்மா போனபோது கேப் டவுனிலிருந்து, ஜோகனஸ்பர்க்கிலிருந்து வந்தவர்கள் வீடு நிறைய. எங்கள் வண்டியில் இரண்டு கைக்குழந்தைக்காரிகள் படுத்தார்கள், கேஸில் விடிய விடிய டீ கொதித்தது, நாங்கள் வெளியே நாற்காலியில். கருமாதி வரை அங்கேயே நின்றோம், யாரும் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கவில்லை.

மற்ற நேரத்தில் நாலு வாரம் உச்சம். கேட்கும் முன் கிளம்புங்கள்.

ஒன்பதாம் படி: கிளம்புவது

அவசரத்தில்தான் எல்லாம் உடையும். கேஸ் மூடியாச்சா, கூரை ஜன்னல் இறங்கியாச்சா, படிக்கட்டு உள்ளே போயாச்சா, ஒயர் கழற்றியாச்சா, ஃபிரிட்ஜ் கொக்கி விழுந்ததா என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்க, மற்றவர் போய்த் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், இருந்த இடத்திலிருந்து ஆமாம் போடக் கூடாது. ஒருமுறை ஒயரைச் சொருகியபடியே கிளம்பி மாமனார் வீட்டுச் சுவர்ப் பிளக்கைப் பெயர்த்தேன், புதிது மாட்டிக்கொடுத்தேன்.

கடைசியில் ஊறுகாய் வரும். மாமியார் கண்ணாடிப் பாட்டிலில்தான் கொடுப்பார், பிளாஸ்டிக்கில் போட்டால் கெட்டுவிடும் என்பார், ஒன்று இல்லை, மகள்கள் இருவருக்கும் சேர்த்து ஆறு. எண்ணெய் கசியும் பாட்டிலை மேல் அலமாரியில் வைக்காதீர்கள், பழைய சாக்ஸுக்குள் ஒவ்வொன்றாக நுழைத்துப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் நிறுத்திவிடுங்கள். டவுன் ஹில் ஏற்றத்தில் ஒன்று சாய்ந்தாலும் எண்ணெய் தொட்டிக்குள்ளேயே நின்றுவிடும்.